பட்டும் பிளீச்சிங் பவுடரும்

பட்டுப் புடவையில் பிளீச்சிங் தண்ணீர் பட்டுவிட்டது, மீட்க வழி உண்டா என்று என்னிடம் கேட்டு வருகிறவர்கள் உண்டு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பது ஐயப்பன்தாங்கலில் எங்கள் தெருவுக்கே தெரியும். சுருக்கமாகப் பதில் சொன்னால், போன நிறத்தைத் திரும்ப ஏற்றலாம். போன இழையைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஏன் அப்படி என்பதற்குள் 200 ஆண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது.

நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். வேட்டி, துப்பட்டி, போர்வை எல்லாம் சலவைக்குப் போகும். உவர் மண்ணில் ஊறி, வெள்ளாவியில் வெந்து, துறைக்கல்லில் அடிபட்டு, வெயிலில் காய்ந்து, நீலம் போட்டு வெள்ளை வெளேரென்று திரும்பி வரும். பட்டுப் புடவை மட்டும் அந்த மூட்டைக்குள் போகாது. வீட்டிலேயே பூந்திக்கொட்டை ஊறிய நீரில் அலசி, முறுக்காமல், நிழலில் உலர்த்துவார்கள். 'பட்டை வெள்ளாவிக்குப் போடாதே' என்று பாட்டிமார் சொன்னதற்குக் காரணம் கேட்டால், 'அது அப்படித்தான்' என்பார்கள். காரணம் இருக்கிறது. பருத்தி செடியிலிருந்து வருவது, காரத்தைத் தாங்கும். பட்டு ஒரு புழுவின் உடம்பிலிருந்து வருவது. நம் தலைமுடி, நகம் போல அதுவும் ஒரு புரதம். காரம் அதை அரிக்கும்.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். அங்கே லினன் துணியைச் சாம்பல் காரத்தில் வேகவைத்து, புளித்த மோரில் ஊறவைத்து, புல்வெளியில் மாதக்கணக்கில் விரித்துப் போட்டு வெளுத்தார்கள். 1774-ல் ஷீலே என்ற ஸ்வீடன் நாட்டு மருந்துக்கடைக்காரர் குளோரின் வாயுவைக் கண்டுபிடித்தார். 1785 வாக்கில் பிரான்சில் பெர்த்தோலே அது சாயத்தை வெளுக்கும் என்று காட்டினார். 1799-ல் கிளாஸ்கோவில் சார்லஸ் டென்னன்ட் நீற்றுச் சுண்ணாம்பில் குளோரினை ஏற்றித் தூளாக்கிக் காப்புரிமை வாங்கினார். அதுதான் நம் பிளீச்சிங் பவுடர். மாதக்கணக்கில் நடந்த வேலை சில நாளில் முடிந்தது. மில் துணி உலகமெங்கும் மலிவாகப் போனதில் இந்தத் தூளுக்கும் பங்கு உண்டு.

கவனிக்க வேண்டியது, அந்தக் காலத்துப் பட்டுத் தொழிலாளர்கள் இந்தத் தூளைக் கிட்டே சேர்க்கவில்லை. பட்டை வெளுக்கக் கந்தகப் புகைதான் போட்டார்கள். பின்னாளில் ஹைட்ரஜன் பெராக்சைடு வந்தது. பருத்திக்கு ஒரு பாதை, பட்டுக்கு ஒரு பாதை என்று தொழிலில் எப்போதும் தனித்தனியாகவே இருந்தன. இரண்டும் மோதிக்கொண்டது வீட்டுக்குள்தான்.

வீட்டுக்குள் அது வந்தது வெளுப்பதற்காக அல்ல, நோய்க்கு மருந்தாக. 1847-ல் வியன்னா பிரசவ ஆஸ்பத்திரியில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், குளோரின் சுண்ணாம்பு நீரில் கை கழுவச் சொல்லித் தாய்மார்களின் சாவைக் குறைத்துக் காட்டினார். 1908-ல் அமெரிக்காவில் ஜெர்சி நகரத்துக் குடிநீரில் குளோரின் கலக்க ஆரம்பித்தார்கள். நம் ஊரிலும் காலரா பயத்தில் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்ட காலம் நமக்குத் தெரியும். பிறகு சம்ப், மேல்தொட்டி, பாத்ரூம் தரை என்று அது வீட்டின் மூலை முடுக்கெல்லாம் குடியேறியது. இன்று பாட்டிலிலும் கிடைக்கிறது.

எங்கள் பக்கத்தில் அது மூட்டை மூட்டையாக வந்தது 2015 டிசம்பரில். தாங்கல் என்றாலே நீர் தேங்கும் ஏரி என்றுதான் பொருள். அந்த மாதம் 1-ந் தேதி இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். அடையாற்றங்கரையில் மணப்பாக்கம் பக்கமெல்லாம் பட்ட பாட்டை இங்கே திரும்ப எழுத வேண்டாம். நீர் வடிந்ததும் தெருவெல்லாம் வெள்ளைத் தூள். நோய் பரவாமல் காத்ததில் அதற்குப் பங்கு உண்டு.

அந்த வாரம் எனக்குத் தெரிந்த ஒரு அக்காவின் வீட்டில், பீரோவின் அடித்தட்டு சேற்று நீரில் மூழ்கிவிட்டது. அங்கே இருந்தது 1968-ல் அவர் கட்டிய கூறைப் புடவை. அரக்கு நிறக் காஞ்சிப் பட்டு. சேற்று நாற்றம் போகட்டும் என்று உதவிக்கு வந்த யாரோ, தரை கழுவக் கலக்கி வைத்திருந்த பிளீச்சிங் வாளியிலேயே அதைப் போட்டுவிட்டார்கள். நல்லெண்ணம்தான். அக்கா பார்த்து அலறி என்னைக் கூப்பிட்டபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அரக்கு போய் மஞ்சளும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. எடுத்தால் நனைந்த அப்பளம் போலக் கையோடு வந்தது.

"தம்பி, இதுக்கு ஏதாவது மருந்து இருக்கா?" என்று கேட்டார். புடவைக்காரர் காலமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

எங்கள் சோதனைக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பட்டும் பருத்தியும் கலந்த துணியில் எது எத்தனை சதவிகிதம் என்று கண்டுபிடிக்க, நிறுத்த துணியைக் குளோரின் பிளீச் கரைசலில் போடுவோம். பட்டு முழுக்கக் கரைந்துவிடும். பருத்தி மட்டும் மிஞ்சும். அதை அலசி, காயவைத்து, மறுபடி நிறுத்தால் கணக்கு வந்துவிடும். பட்டை இல்லாமல் ஆக்குவதற்கென்றே நாங்கள் வைத்திருந்த திரவத்தில்தான் அந்தக் கூறைப் புடவை ஊறியிருந்தது. ஜரிகையின் வெள்ளியும் அதில் கறுத்துப் போகும்.

ஆனாலும் முந்தானைப் பக்கம் வாளிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்ததால் தப்பித்தது. அதைத் தொட்ட ஓரத்தை மட்டும் காப்பாற்ற முனைந்தோம். முதல் மருந்து வெறும் தண்ணீர். முறுக்காமல், தட்டையாகப் பிடித்து, நீரை மாற்றி மாற்றி அலச வேண்டும். அடுத்தது ஹைப்போ. பழைய போட்டோ ஸ்டூடியோ இருட்டறையில் பிலிம் கழுவுவார்களே, அதே ஹைப்போதான். துணியில் தங்கிய குளோரினை அது செயலிழக்கச் செய்யும். பிளீச் செய்யும் ஆலைகளிலும் இந்த வேலைக்கு அதை வைத்திருப்பார்கள். இப்போது ஸ்டூடியோக்கள் இல்லை, வண்ணமீன் கடையில் கிடைக்கிறது. ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி, ஐந்து பத்து நிமிடம், பிறகு மறுபடி நன்றாக அலசல். அதற்கு மேல் ஊறினால் ஜரிகைக்கு ஆகாது.

ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். சாயம் திரும்பட்டும் என்று வினிகரோ எலுமிச்சையோ பிளீச் ஈரம் இருக்கும்போது ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூச்சு முட்டும்.

காய்ந்த பிறகுதான் மீட்பு வேலை. ஓரத்தில் ஒரு இழையை உருவி இழுத்துப் பாருங்கள். பொடிப்பொடியாக உடைந்தால் அந்த இடத்தை விட்டுவிட வேண்டியதுதான். தாங்கினால், சாயப்பட்டறையில் முன்பைவிட ஆழ்ந்த நிறம் ஏற்றித் தருவார்கள். சிறு ஓட்டை என்றால் ரஃபூக்காரர் பார்த்துக்கொள்வார். தாங்கியும் தாங்காமலும் இருந்தால், அடியில் மெல்லிய துணி வைத்துத் தைத்துப் பாரத்தை அதன்மேல் இறக்க வேண்டும். அருங்காட்சியகங்களில் பழந்துணிகளுக்குச் செய்வது இதுதான். எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-லேயே பழம்பொருள் பாதுகாப்புக்கென்று ரசாயன நிபுணரை அமர்த்தியவர்கள் நாம். கெட்டதைப் புதிதாக்குவது அந்தத் துறையின் நோக்கமில்லை. மிஞ்சியதை நிலைக்கவைப்பதே நோக்கம்.

அக்காவின் புடவையில் உடலைக் காஞ்சிபுரத்து நெசவாளர் ஒருவர் பார்த்த உடனேயே கைவிரித்துவிட்டார். முந்தானையையும், அதை ஒட்டிய இரண்டு முழம் கரையையும் வெட்டி, புதுப் பட்டு உடலில் இணைத்துக் கொடுத்தார். காஞ்சிப் பட்டில் உடலும் கரையும் முந்தானையும் வெவ்வேறு நிறத்தில் கோத்து நெய்வதே வழக்கம் என்பதால், இணைத்தது உறுத்தவில்லை. பேத்தியின் நிச்சயதார்த்தத்துக்கு அதைத்தான் கட்டினார்கள். முழுப் புடவையும் திரும்பி வந்ததாக அக்கா ஒருநாளும் சொன்னதில்லை. "முந்தானை அவர் கண்ணால பார்த்தது, அது போதும்" என்பார்.

பிளீச்சிங் பவுடர் டப்பாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெள்ளம் வடிந்த வாரத்தில் அது எத்தனை பிள்ளைகளின் வயிற்றைக் காத்ததோ. அது தரைக்கும் தொட்டிக்கும் உள்ளது. பட்டு இருக்கும் அறைக்குள் அந்த வாளி போகவேண்டாம். 'அது அப்படித்தான்' என்று பாட்டி சொன்னதை, காரணத்தோடு உங்கள் வீட்டு மருமகளுக்கும் வேலைக்கு வரும் பெண்ணுக்கும் சொல்லி வையுங்கள்.