ஒரு சொல்லும் மூன்று கருவிகளும்

ஆங்கிலத்தில் வெவ்வேறு பெயர் தாங்கிய மூன்று பொருள்களைத் தமிழ்ப் பேச்சில் நாம் பெரும்பாலும் 'ஒலிபெருக்கி' என்னும் ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுகிறோம். பேசுவோர் வாயருகே நிற்கும் மைக் சிலருக்கு ஒலிபெருக்கி. திரைக்குப் பின்னால் சூடேறிக்கொண்டிருக்கும் பெட்டி சிலருக்கு ஒலிபெருக்கி. பந்தற்காலில் கட்டிய கூம்பு எல்லோருக்கும் ஒலிபெருக்கி. ஒரு மொழியின் சொல்லுக்கு இன்னொரு மொழியில் சொல் தேடுவதையே நாளும் தொழிலாகக் கொண்ட நமக்கு, இந்தச் சொற்குழப்பம் பொருட்குழப்பமாகவும் முடிவதைக் காணும் வாய்ப்பு உண்டு. ஐதராபாத்திலும் செகந்தராபாத்திலும் தமிழர் நடத்தும் நவராத்திரி விழாவிலோ பொங்கல் விழாவிலோ வீணை கரகரத்தால், 'ஒலிபெருக்கி சரியில்லை' என்று ஒரே தீர்ப்பை வழங்கிவிடுகிறோம். ஒலியை வாங்கும் கருவி, அதைப் பெருக்கும் கருவி, பெருக்கியதைக் காற்றில் பரப்பும் பெட்டி ஆகிய மூன்றில் எது குற்றவாளி என்று கேட்பதில்லை. இம்மூன்றின் வரலாற்றையும் சிறிது அறிந்துகொண்டால், தேர்ந்தெடுப்பதும் பழுது காண்பதும் எளிதாகும்.

மின்சாரம் வருமுன்னும் இம்மூன்று வேலைகளும் நடந்தே வந்தன. பழந்தமிழர் யாழில் நரம்பின் அதிர்வை ஏற்றுப் பெருக்கிய உறுப்புக்குப் 'பத்தர்' என்று பெயர். சுவாமி விபுலானந்தர் 1947-இல் வெளியிட்ட 'யாழ் நூல்' அக்கருவியின் அமைப்பை விரிவாக ஆராய்கிறது. தஞ்சை வீணையில் பலா மரத்தைக் குடைந்து செய்த குடம் அதே வேலையைச் செய்கிறது. ஆயினும் மரத்தால் இயன்றது ஒரு கூடத்தின் அளவே. வீணையின் கமகம் முன்வரிசையில் அமர்ந்தோர்க்கு முழுதாகவும், பின்வரிசையில் அமர்ந்தோர்க்குப் பாதியாகவும், வாயிலில் நிற்போர்க்கு விரலசைவாக மட்டுமே எட்டியது. மனிதக் குரலுக்கும் இதே எல்லைதான். 1893 பிப்ரவரியில் செகந்தராபாத் மஹ்பூப் கல்லூரியில் சுவாமி விவேகானந்தர் உரையாற்றியபோது அவருக்குத் துணை நின்றது அவரது மார்பின் வலிமை ஒன்றே. நாடக மேடையில் எஸ். ஜி. கிட்டப்பா போன்றோர் மிக உயர்ந்த சுருதியில் பாடியதற்கும், கடைசி வரிசைவரை குரல் எட்ட வேண்டியிருந்தது ஒரு முக்கியக் காரணம். மைக் பரவிய பின்னர், தாழ்ந்த சுருதியில் நிதானமாகப் பாடுவதும் மேடைக்கு உரியதாயிற்று. இவ்வாறு, கருவி மாறியபோது பாடும் முறையும் மாறியது.

ஐதராபாத்தில் மின்னொலி குடிபுகுந்த வரலாறு வானொலியோடு பின்னிப் பிணைந்தது. 1930-களின் தொடக்கத்தில் சிராக் அலி சந்தில் ஒரு தனியார் முயற்சியாகச் சிறிய ஒலிபரப்பு நிலையம் எழுந்தது. 1935-இல் நிஜாம் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. 'தக்காண வானொலி' எனப் பெயர் பெற்ற அந்நிலையம் உருதுவோடு தெலுங்கு, கன்னடம், மராத்தி ஆகிய மொழிகளிலும் ஒலிபரப்பியது. 1950 ஏப்ரல் 1 அன்று அது அகில இந்திய வானொலியோடு இணைந்தது. தெற்கே சென்னையில், ராஜதானி வானொலிக் கழகம் 1924-லேயே ஒலிபரப்பைத் தொடங்கியிருந்தது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-லும், திருச்சி நிலையம் 1939-லும் பிறந்தன.

மென்மையான கருவிகளுக்கு வானொலி செய்த உதவி பெரிது. கூடத்தில் முன்வரிசையார் மட்டுமே பெற்ற நுணுக்கத்தை, ஒலிபரப்பு அறையின் மைக் வெகு தொலைவிலிருந்த வீட்டுக்கும் கொண்டு சென்றது. அங்கே வீணையும் மிருதங்கமும் ஒரே உரத்தோடு ஒலிக்க வேண்டியதில்லை. கருவிக்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைக் கூட்டியும் குறைத்தும் சமன் செய்துவிடலாம். ஆனால் மேடையின் நிலை வேறு. அங்கே கூம்பிலிருந்து வந்த ஒலி மீண்டும் மைக்குக்குள் புகுந்து, பெருகி, ஊளையாக வெளிப்பட்டது. இந்த ஊளையை வெல்ல மேற்கொண்ட முயற்சியே மின்கிதாரின் வரலாற்றில் ஒரு பெரும் பகுதி எனலாம்.

அவ்வரலாற்றை இனிச் சுருக்கமாகக் காண்போம். மூன்று கருவிகளுள் முதலில் பெருக்கியை எடுத்துக்கொள்வோம். 1906-இல் அமெரிக்கரான லீ டி பாரஸ்ட் அமைத்த மூன்று முனை வால்வு, நுண்ணிய மின்துடிப்பை வலிய துடிப்பாக்கும் வழியைத் திறந்தது. அடுத்தது பரப்பும் கருவி. 1925-இல் ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் விளக்கிய இயங்குசுருள் ஸ்பீக்கரே இன்றுவரை நம் பெட்டிகளில் பெரிதும் இருப்பது. மூன்றாவது வாங்கும் கருவி. ஜார்ஜ் போஷாம்ப் 1931-இல் வடிவமைத்து, அடுத்த ஆண்டில் அடால்ப் ரிக்கன்பேக்கருடன் சேர்ந்து விற்பனைக்குக் கொண்டுவந்த ஹவாய் கிதார், பார்வைக்கு வாணலியைப் போன்றது. அதில் எஃகு நரம்பின் அசைவை ஒரு காந்தமும் கம்பிச்சுருளும் நேரே மின்துடிப்பாக மாற்றின. காற்றில் எழும் ஒலியை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆதலின் குடமும் வேண்டியதில்லை. குடம் இல்லாதபோது ஊளையும் வெகுவாகக் குறைந்தது.

குடத்தை நீக்கிய இக்கருத்தைத் திண்மரக் கிதாராகப் பெருமளவில் செய்து விற்றவர் கலிபோர்னியாவின் லியோ பெண்டர். அவரது திண்மரக் கிதார் 1950-லும், பேஸ் கிதார் 1951-லும், அதற்கேற்ற பேஸ்மேன் பெருக்கி 1952-லும் வந்தன. அப்பெருக்கியை முன்மாதிரியாகக் கொண்டே இலண்டனில் ஜிம் மார்ஷல் 1962-இல் தம் பெருக்கியை அமைத்தார். பேஸுக்கென்று அமைந்த பெருக்கி கிதாரின் புகழ்பெற்ற குரலுக்கு மூலமாயிற்று என்பது இவ்வரலாற்றில் ஒரு விந்தை.

இந்தியாவில் இறக்குமதிக் கட்டுப்பாடு மிகுந்திருந்த அக்காலத்தில், இத்தகைய வெளிநாட்டுப் பெருக்கிகள் எளிதில் கிடைக்கவில்லை. வானொலிப் பெட்டி பழுது பார்த்தவர்களும் உள்ளூர்ப் பட்டறைகளும் கிடைத்த வால்வுகளைக் கொண்டு கட்டிய பெருக்கிகளே பல குழுக்களுக்குக் குரல் கொடுத்தன. பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1960-களின் தொடக்கத்தில் வால்வும் டிரான்சிஸ்டரும் செய்யத் தொடங்கியது. ஐதராபாத்தில் 1967-இல் இந்திய மின்னணுக் கழகம் தோன்றியது. இன்று கோட்டியின் குஜராத்தி சந்தில் ஸ்பீக்கர், வயர், பெருக்கி என எல்லாம் கடைகளில் அடுக்கிக் கிடக்கின்றன. அன்று கிடைக்காமை துன்பமாக இருந்தது. இன்று தேர்ந்தெடுப்பதே துன்பமாக இருக்கிறது.

தென்னாட்டு இசையில் இக்கருவிகள் பெற்ற இடத்தை இருவர் பெயரால் உணர்த்தலாம். ஆந்திரத்துப் பாலகொல்லில் 1969-இல் பிறந்த உ. ஸ்ரீநிவாஸ், மின் மாண்டலினின் இரட்டை நரம்புகளை நீக்கி, ஐந்து ஒற்றை நரம்புகளை அமைத்துக் கருநாடக இசைக்குரிய கமகத்தை அதில் வருவித்தார். 1981-இல் சென்னை மேடையேறிய அச்சிறுவரைத் தமிழ்ச் சபைகள் தம் பிள்ளையாகவே ஏற்றன. 2014-இல் அவர் மறைந்தபோது இசையுலகம் துயருற்றது. பெருக்கி இன்றேல் அவர் கருவிக்கு மேடைக் குரலே இல்லை. மற்றவர் இளையராஜா. 1976-இல் திரையுலகில் அறிமுகமான அவரது பாடல்களில் பேஸ் கிதார் வெறும் தாளத்துணையாக நில்லாமல், பாட்டுக்கு அடியில் மற்றொரு பாட்டாக ஓடியது. தரமற்ற பெட்டியில் அப்பாடலைக் கேட்பவர் பாதிப் பாட்டையே கேட்கிறார்.

இங்கேதான் பெட்டியின் பெருமை விளங்குகிறது. கிதாரின் மிகத் தாழ்ந்த நரம்பு நொடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கிறது. பேஸ் கிதாரின் தாழ்ந்த நரம்பு 41 முறை அதிர்கிறது. அதன் அலைநீளம் சுமார் 27 அடி. அதிர்வெண் பாதியாகும்போது, அதே உரத்தைத் தர ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டும். ஆதலால் கிதாருக்கென்று செய்த பெட்டியில் பேஸை இணைத்து உரக்க வாசித்தால் கூம்பு கிழியக்கூடும். கிதார்ப் பெட்டிகள் பலவற்றின் பின்புறம் திறந்திருக்கும். கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. பின்புறம் திறந்திருப்பின் தாழ்ந்த அலைகள் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். எனவே பேஸுக்கு மூடிய பெட்டியோ, அளவறிந்து துளையிட்ட பெட்டியோ வேண்டும். அந்த அளவை அறியும் கணக்கை ஆஸ்திரேலியரான நெவில் தீல் 1961-இல் வகுத்தார். ரிச்சர்ட் ஸ்மால் 1970-களில் அதை விரித்தார். பழந்தமிழ்க் கைவினைஞர் பத்தருக்கு அளவு கண்டதும், பிற்காலத்தார் பெட்டிக்கு அளவு கண்டதும் ஒரே தேடலின் இரு கட்டங்கள்.

வாங்குவோர் முதலில் கேட்பது 'எத்தனை வாட்?' என்பதே. ஆயின் 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் செவியறியும் வேறுபாடு சிறிதே. ஒலி இருமடங்காகத் தோன்ற ஆற்றல் ஏறக்குறைய பத்து மடங்கு பெருக வேண்டும். ஒரே வாட்டுக்கு மிகுந்த ஒலி தரும் ஸ்பீக்கரைத் தேர்வது, வாட்டைக் கூட்டுவதைவிடச் சிக்கனமானது. அடுத்துக் கவனிக்க வேண்டியது ஓம் கணக்கு. 8 ஓம் பெட்டிகள் இரண்டை இணையாக மாட்டினால் 4 ஓம் ஆகும். 4 ஓம் பெட்டிகள் இரண்டை மாட்டினால் 2 ஓம் ஆகும். 4 ஓமுக்குக் குறையலாகாது என்று எழுதிய டிரான்சிஸ்டர் பெருக்கியில் இரண்டாம் இணைப்பைச் செய்தால் அது சூடேறிக் கெடும். வால்வுப் பெருக்கியையோ ஸ்பீக்கர் இணைக்காமல் இயக்கவே கூடாது. அதன் வெளியீட்டு மின்மாற்றி கருகக்கூடும். கிதாருக்கும் பெருக்கிக்கும் இடையே செல்லும் மெல்லிய வயரைப் பெருக்கிக்கும் பெட்டிக்கும் இடையே இடுவதும் தவறு.

பழுது காணும் முறை வழக்கு விசாரணை போன்றது. ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். முதலில் வயர், பின் கருவி, பின் பெட்டி, கடைசியில் பெருக்கி. கரகரப்பு வயரிலோ, தூசு படிந்த திருகிலோ பிறப்பது மிகுதி. உள்ளே மின்கலம் உடைய பேஸ் கிதார் மெல்ல மங்கினால், மின்கலத்தை மாற்றிப் பார்த்தாலே பெரும்பாலும் போதும். வாசித்து முடித்தபின் வயரைக் கழற்றாவிடில் அது வீணே தீரும். உறுமல் கேட்டால் கிதாரைத் திசை திருப்பிப் பார்க்கலாம். உறுமல் கூடிக் குறைந்தால், அருகிலுள்ள மின்மாற்றியின் அலையைச் சுருள் பற்றுகிறது என்று பொருள். வயரைக் கழற்றிய பின்னும் உறுமினால் குறை பெருக்கியின் உள்ளே இருக்கிறது. அதன் மூடியை வீட்டில் திறக்கலாகாது. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் உள்ளிருக்கும் மின்தேக்கிகள் கொல்லும் ஆற்றலைத் தேக்கி வைத்திருக்கக்கூடும்.

இவையனைத்தினும் தலையாயது எர்த் இணைப்பு. உறுமலை நீக்கும் பொருட்டு மூன்று பின் பிளக்கின் எர்த் முள்ளை ஒடித்துவிடுவோர் உண்டு. உறுமல் அடங்கலாம், ஆனால் காவலும் போய்விடும். 1972-இல் பிரிட்டனின் ஸ்வான்சீ நகரில், லெஸ் ஹார்வி என்னும் கிதார்க் கலைஞர் எர்த் இணைப்புச் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிர் துறந்தார். நரம்பில் ஒரு கையும் மைக்கில் ஒரு கையுமாக நிற்பவர் உடல் வழியே மின்சாரம் பாய நொடி நேரம் போதும். தற்காலிகப் பந்தலில், தற்காலிக மின்னிணைப்பில், ஈரத் தரையில் நம் குழந்தைகளை மேடையேற்றும் விழாக் குழுவினர் அலங்காரத்துக்கு முன் இதனைச் சோதிப்பது கடமை. மைக்கைத் தொட்டால் சுருக்கென்றால் நிகழ்ச்சியை உடனே நிறுத்த வேண்டும்.

உரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியைப் பொதுவாகத் தடை செய்கின்றன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று அளவும் வகுத்தன. அண்டை வீட்டார் வேறு மொழி பேசுவோராயின் இவ்வரம்பை நாம் இன்னும் கருத்தோடு காத்தல் தகும். அவர்கள் நம் விழாவை அறிவது பெரும்பாலும் நம் ஒலியின் வழியாகத்தான்.

வெளிமாநிலத்தில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுள் பலர், வீணையைக் குடத்தருகே அமர்ந்து கேட்டதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை, விழா மேடையில், பெட்டியின் வழியே கேட்கிறார்கள். பெட்டி கரகரத்தால் வீணையே கரகரப்பான கருவி என்று எண்ணுவர். பேஸின் முழக்கத்தில் அது மூழ்கினால், இருந்ததையே அறியார். ஆகவே விழாத் தொகையில் ஒரு சிறு பகுதியைப் பூமாலைக்குமுன் நல்ல வயருக்கும் தகுந்த பெட்டிக்கும் ஒதுக்குவோமாக. கலைஞர் வருமுன் ஒரு மணி நேரம் முன்னதாகச் சென்று, கடைசி வரிசையில் அமர்ந்து, ஒருவரை வீணை மீட்டச் சொல்லிக் கேட்டுப் பார்ப்போமாக. அங்கே கமகம் தெளிவாகக் கேட்டால் மூன்று கருவிகளும் தத்தம் வேலையைச் செய்கின்றன என்று கொள்ளலாம்.