ஃபெராரியை வீழ்த்திய ஜி.டி.40: நம்ம மறைமலை நகர் ஃபோர்டின் ரேஸ் கதை தெரியுமா?

செங்கல்பட்டு பக்கம் ஜி.எஸ்.டி. சாலையில் போய் வருபவர்களுக்கு மறைமலை நகர் ஃபோர்டு தொழிற்சாலை நன்றாகவே தெரியும். ஐகான், ஃபிகோ, எக்கோஸ்போர்ட் என குடும்பக் கார்கள் உருவான இடம். இதே கம்பெனிதான் 1960-களில் ஃபெராரியையே தோற்கடித்த ரேஸ் காரை உருவாக்கியது.

மோதல் எப்படி ஆரம்பித்தது?

1963-ல் இத்தாலியின் ஃபெராரி நிறுவனத்தை விலைக்கு வாங்க ஃபோர்டு பேசியது. ரேஸ் அணி யார் கட்டுப்பாட்டில் இருக்கும் என்பதில் சிக்கல் வந்து, கடைசி நேரத்தில் என்ஸோ ஃபெராரி பின்வாங்கினார். கடுப்பான இரண்டாம் ஹென்றி ஃபோர்டு, ஃபெராரியை லு மான்ஸில் தோற்கடிக்க முடிவு செய்தார்.

பிரான்சில் நடக்கும் லு மான்ஸ், 24 மணி நேர ரேஸ். அதிக தூரம் ஓடும் காருக்கே வெற்றி. 1960 முதல் 1965 வரை தொடர்ந்து ஜெயித்தது ஃபெராரி.

பெயரில் ஏன் 40?

காரின் உயரம் வெறும் 40 அங்குலம். அதாவது சுமார் 3 அடி 4 அங்குலம்தான்! ஆனால் 1964, 1965 இரண்டு ஆண்டுகளிலும் ஒரு ஜி.டி.40 கூட ரேஸை முடிக்கவில்லை.

1966-ல் என்ன நடந்தது?

7 லிட்டர் எஞ்சினுடன் வந்த ஃபோர்டு, முதல் மூன்று இடங்களையும் பிடித்தது. கார்கள் ஒன்றாக எல்லைக்கோட்டைக் கடக்க வேண்டும் என்று கம்பெனி சொன்னதால், முன்னிலையில் இருந்த கென் மைல்ஸ் வேகத்தைக் குறைத்தார். ஆனால் சில மீட்டர் பின்னால் இருந்து கிளம்பிய புரூஸ் மெக்லாரன் - கிறிஸ் ஏமன் கார்தான் அதிக தூரம் ஓடியதாகக் கணக்கிடப்பட்டு, வெற்றி அவர்களுக்குப் போனது. இரண்டே மாதத்தில், புதிய கார் ஒன்றைச் சோதித்தபோது மைல்ஸ் விபத்தில் உயிரிழந்தார். 1967, 1968, 1969 ஆண்டுகளிலும் ஃபோர்டுக்கே வெற்றி. 2019-ல் வந்த ‘ஃபோர்டு வெர்சஸ் ஃபெராரி’ படம் இந்தக் கதைதான்.

மறைமலை நகரில் இப்போது என்ன நிலை?

இங்கே தயாரான எக்கோஸ்போர்ட் அமெரிக்காவுக்கே ஏற்றுமதியானது. ஆனாலும் 2021 செப்டம்பரில், இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. நாடு முழுக்க சுமார் 4,000 ஊழியர்களுக்குப் பாதிப்பு. கூடுதல் இழப்பீடு கேட்டு மறைமலை நகர் தொழிலாளர்கள் போராடினார்கள். 2022-ல் உற்பத்தி நின்றது.

2025 அக்டோபரில் தமிழக அரசுடன் புதிய ஒப்பந்தம் போடப்பட்டது. ரூ.3,250 கோடி முதலீட்டில், 2029 முதல் ஆண்டுக்கு 2.35 லட்சம் எஞ்சின்கள் தயாரிக்கத் திட்டம். முழு கார் இல்லை, எஞ்சின் மட்டும்தான். வேலைவாய்ப்பு 600-க்கு மேல் என்று சொல்லப்பட்டுள்ளது. இழந்த வேலைகளோடு ஒப்பிட்டால் இது குறைவுதான்.

லு மான்ஸில் ஒட்டுமொத்த வெற்றிக்காக 2027-ல் மீண்டும் களமிறங்குவதாகவும் ஃபோர்டு அறிவித்திருக்கிறது. ஆக, ரேஸ் டிராக், மறைமலை நகர் என இரண்டு இடங்களுக்கும் ஃபோர்டு திரும்புகிறது. ஆனால் ஜி.எஸ்.டி. சாலைக்காரர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எத்தனை பேருக்கு வேலை திரும்பக் கிடைக்கும்?