காண்டலும் கருதலும்: காலநிலை மாதிரிகளின் நம்பகம் குறித்து

காலநிலை மாதிரிகளை நம்பலாமா என்ற கேள்வி அரை நூற்றாண்டாகக் கேட்கப்பட்டு வருகிறது. அடுத்த மாத மழையைச் சொல்ல முடியாத கணினி அடுத்த நூற்றாண்டின் வெப்பத்தை எப்படிச் சொல்லும் என்பது ஒரு தரப்பு. இயற்பியல் விதிகளின் மேல் எழுப்பப்பட்ட மாதிரியை ஐயுற வேண்டியதில்லை என்பது மறுதரப்பு. இரு தரப்பும் நம்பகத்தை மாதிரிக்குள்ளேயே தேடுகின்றன. ஒரு மாதிரி எந்த நோக்கத்துக்குப் போதுமானது என்றே கேட்க வேண்டும் என அறிவியல் மெய்யியலாளர் வெண்டி பார்க்கர் 2009இல் வாதிட்டார். அதை ஏற்று, அந்தப் போதுமையை மாதிரிக்கு வெளியே உள்ள சான்றுகளோடு நடக்கும் குறுக்கு விசாரணையே தீர்மானிக்கிறது என்று நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

1. கட்டங்களுக்குள் விழும் மேகங்கள்

முதல் ஐயத்துக்கு விடை எளிது. ஒரு நாளின் மழை தொடக்க நிலையின் நுண்ணிய வேறுபாடுகளைப் பொறுத்தது. முப்பது ஆண்டுச் சராசரி, புவிக்குள் வரும் ஆற்றலுக்கும் வெளியேறும் ஆற்றலுக்கும் உள்ள கணக்கைப் பொறுத்தது. சித்திரையில் எந்த நாள் மழை பெய்யும் என்று சொல்ல முடியாதவரும், மார்கழியைவிடச் சித்திரை வெக்கையாக இருக்கும் என்று தயங்காமல் சொல்லலாம்.

உண்மையான சிக்கல் வேறு. உலகளாவிய மாதிரி வளிமண்டலத்தையும் கடலையும் கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒரு கட்டத்தின் பக்கம் பெரும்பாலும் நூறு கிலோமீட்டர் அளவில் இருக்கும். காற்றின் ஓட்டத்தையும் கதிர்வீச்சையும் அறியப்பட்ட சமன்பாடுகளால் கணக்கிடலாம். சில நூறு மீட்டர் அகலமுள்ள மேகம் அந்தக் கட்டத்தில் தெரியாது. அதன் விளைவைத் தோராய விதிகளால்தான் எழுத முடியும். அந்த விதிகளின் எண்களை மாதிரியை அமைப்பவர்கள் சரிசெய்துகொள்ள வேண்டியிருக்கிறது. இத்துறையின் கடுமையான சர்ச்சைகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

2. பொருத்தம் எப்போது சான்றாகும்?

கடந்த நூற்றாண்டின் வெப்பநிலைக் கோட்டை மாதிரிகள் வரைந்து காட்டுவதைச் சான்றாகக் கொள்வது வழக்கம். இதற்கு எதிரான தடை வலுவானது: விடையைத் தெரிந்துகொண்டு கணக்குப் போடுவது தேர்வாகாது. ஹாம்பர்க்கில் உள்ள மாக்ஸ் பிளாங்க் வானிலையியல் நிறுவனத்தின் மாதிரியை உருவாக்கியவர்கள், அது காட்டும் வெப்ப உயர்வு பதிவான உயர்வோடு ஒத்துப்போகும்படி மேக விதிகளை மாற்றியமைத்ததை 2020இல் வெளிப்படையாகவே எழுதினர். அந்த மாதிரியைப் பொறுத்தவரை இருபதாம் நூற்றாண்டோடு உள்ள பொருத்தம் சான்றாகாது. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆகவே, விடை தெரியாத நிலையில் சொல்லப்பட்டவற்றையே எடைபோட வேண்டும். சுக்குரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் 1967இல் செய்த கணக்கு, கார்பன் டை ஆக்சைடு கூடினால் தரையும் அடிவளியும் சூடேறும், மேலுள்ள அடுக்கு மண்டலம் குளிரும் என்றது. வெப்ப உயர்வுக்குச் சூரியனே காரணமாக இருந்தால் மேலும் கீழும் சேர்ந்தே சூடேற வேண்டும். பின்னாளில் கிடைத்த அளவீடுகள் மனாபேயின் கணக்கையே உறுதிசெய்தன.

1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை வெடித்தபோது இன்னொரு தேர்வு வாய்த்தது. உலகச் சராசரி வெப்பநிலை சுமார் அரை டிகிரி குறையும் என்று ஜேம்ஸ் ஹான்சன் குழு முன்கூட்டியே கணித்தது, அவ்வாறே குறைந்தது. 2002இல் பிரையன் சோடனும் உடன் ஆய்வாளர்களும் இந்நிகழ்வை இன்னும் கூர்மையாகப் பயன்படுத்தினர். காற்று குளிர்ந்ததும் நீராவி குறைந்தது. நீராவியின் பின்னூட்டத்தை, அதாவது நீராவி குறைவதால் கூடும் குளிர்ச்சியை, மாதிரியிலிருந்து நீக்கிப் பார்த்தபோது, பதிவான அளவுக்குக் குளிர்ச்சி வரவில்லை. வெப்ப உயர்வைப் பெருக்கும் முதன்மையான பொறிமுறை இவ்வாறு தனியே பிரித்துச் சோதிக்கப்பட்டது.

ஹான்சனின் 1988ஆம் ஆண்டுக் கணிப்பு இன்னொரு பாடம் தருகிறது. அதன் நடுத்தரச் சூழல் காட்டிய வெப்ப உயர்வு, நடந்ததைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. மீத்தேனும் குளோரோபுளோரோகார்பன்களும் அவர் எண்ணிய வேகத்தில் பெருகவில்லை என்பதே முக்கியக் காரணம். பழைய கணிப்புகள் பதினேழை ஆராய்ந்த ஜீக் ஹாஸ்ஃபாதர் குழு, உண்மையில் வெளியான வாயுக்களின் அளவைக் கணக்கில் கொண்டால் பதினான்கு கணிப்புகள் பதிவோடு ஒத்துப்போவதாகக் காட்டியது. மாதிரி சொல்வது ‘இவ்வளவு வாயு சேர்ந்தால் இவ்வளவு சூடு’ என்ற நிபந்தனை வாக்கியம். நிபந்தனை பிழைத்ததையும் விளைவு பிழைத்ததையும் ஒன்றாக்கித் தீர்ப்பளிப்பது முறையன்று.

3. காண்டலும் பிழைக்கும்

தமிழ் அளவை மரபு அறிவுக்கான வழிகளில் காண்டலையும் கருதலையும் தலையாயவையாக வைக்கிறது. மாதிரி கருதல், அளவீடு காண்டல். இரண்டும் முரண்பட்டால் காண்டல் பக்கம் சாய்வதே இயல்பு. அந்த இயல்பை ஐயுற வைத்தது செயற்கைக்கோள் சர்ச்சை.

அலபாமா பல்கலைக்கழகத்தின் ராய் ஸ்பென்சரும் ஜான் கிறிஸ்டியும், 1978 இறுதி முதல் திரண்ட நுண்ணலைப் பதிவுகளிலிருந்து அடிவளியின் வெப்பநிலையைக் கணக்கிட்டனர். அது மாதிரிகள் காட்டிய அளவுக்கு உயரவில்லை. தொண்ணூறுகளில் மாதிரிகளுக்கு எதிரான தலையாய சான்று இதுவே. ஆனால் செயற்கைக்கோள் வெப்பநிலையை நேரே காண்பதில்லை. ஆக்சிஜன் மூலக்கூறுகள் உமிழும் நுண்ணலையை அளந்து, பல திருத்தங்கள் வழியாகவே அது வெப்பநிலைக்கு வருகிறது. சுற்றுப்பாதை மெல்லத் தாழ்வதால் போலியான குளிர்ச்சி தோன்றுவதை 1998இல் பிராங்க் வென்ட்சும் மத்தியாஸ் ஷாபெலும் சுட்டிக்காட்டினர். செயற்கைக்கோள் கடக்கும் நேரம் நகர்வதற்கான திருத்தத்தில் கூட்டல் கழித்தல் குறியே மாறியிருந்ததை 2005இல் கார்ல் மியர்ஸும் வென்ட்சும் கண்டறிந்தனர். அலபாமா குழு பிழையை ஏற்றுத் திருத்தியபோது, பத்தாண்டுக்குச் சுமார் 0.09 டிகிரியாக இருந்த உயர்வு 0.12 ஆயிற்று.

இதை மாதிரிகளின் வெற்றியாக மட்டும் எழுதினால் வரலாறு பாதியாகிவிடும். வெப்பமண்டலத்தின் மேல் அடிவளியில் மாதிரிகள் பதிவைவிட மிகையாகச் சூடேறுவது திருத்தங்களுக்குப் பிறகும் நீடிக்கிறது. கருதல் காண்டலைத் திருத்தியது. எஞ்சிய வேறுபாட்டில் காண்டல் கருதலை இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறது.

4. மிகையாகச் சூடேறும் மாதிரிகள்

கார்பன் டை ஆக்சைடு இரட்டித்தால் புவி இறுதியில் எவ்வளவு சூடேறும் என்பதைக் காலநிலை உணர்திறன் என்பர். அது 1.5 முதல் 4.5 டிகிரிக்குள் இருக்கும் என்று 1979இல் ஜூல் சார்னி தலைமையிலான குழு மதிப்பிட்டது. நாற்பதாண்டு கழித்து வந்த புதிய தலைமுறை மாதிரிகள் ஐயத்தைக் குறைக்கும் என எதிர்பார்க்கப்பட்டது. மார்க் செலிங்காவும் உடன் ஆய்வாளர்களும் 2020இல் ஆராய்ந்த 27 மாதிரிகளில் உணர்திறன் 1.8 முதல் 5.6 வரை விரிந்திருந்தது; பத்து மாதிரிகளில் 4.5ஐத் தாண்டியது.

மேகங்களின் சித்திரிப்பு பல வகையில் மேம்பட்டிருந்தும் இப்படி நேர்ந்தது. உறைநிலைக்குக் கீழும் திரவமாகவே நிற்கும் மேகத்துளிகளைப் புதிய மாதிரிகள் முன்னைவிடச் சரியாகக் காட்டின. பழைய பிழையொன்று இன்னொரு பிழையை மறைத்துக்கொண்டிருந்தால், முதலாவதைத் திருத்தியதும் இரண்டாவது அம்பலமாகும். தவறு எங்கே என்பதை மாதிரிகளுக்குள்ளிருந்து கண்டறிய முடியவில்லை. வழிகாட்டியது கடைசிப் பனியூழி. 5.3 டிகிரி உணர்திறன் கொண்ட அமெரிக்க மாதிரி ஒன்று, ஏறத்தாழ இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய புவியை 11 டிகிரிக்கு மேல் குளிரச் செய்தது. வண்டல்களும் பனிக்கட்டிகளும் தரும் சான்று 5 முதல் 7 டிகிரிதான்.

பன்னாட்டு அரசுகளிடைக் காலநிலை மாற்றக் குழு 2021ஆம் ஆண்டு அறிக்கையில் மாதிரிகளின் சராசரியை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. தொல்காலநிலை, கருவிப் பதிவு, மேக இயக்கம் பற்றிய ஆய்வு ஆகியவற்றைச் சேர்த்து எடைபோட்டு, உணர்திறன் பெரும்பாலும் 2.5 முதல் 4 டிகிரிக்குள், சிறந்த மதிப்பு 3 என்றது.

5. எல்லை

உலகச் சராசரிக்குக் கிடைத்த நம்பகத்தை வட்டார மழைக்கு இரவல் தர முடியாது. பூமத்தியரேகையை ஒட்டிய கிழக்குப் பசிபிக் அண்மைப் பத்தாண்டுகளில் சூடேறாமல் இருந்ததைப் பெரும்பாலான மாதிரிகள் காட்டவில்லை. வடகிழக்குப் பருவமழை அந்தக் கடலின் எல் நினோவோடு தொடர்புடையது. வால்பாறையின் பெருமழையும் உடுமலைப்பேட்டையின் மழைமறைவும் நூறு கிலோமீட்டர்க் கட்டம் ஒன்றுக்குள் அடங்கிவிடும். அத்தகைய கட்டத்தின் எண்ணை வைத்து ஓர் அணையின் கொள்ளளவை முடிவுசெய்வது, அந்த மாதிரி போதாத கேள்வியை அதனிடம் கேட்பதாகும்.

ஐயம் இருப்பதால் ஆபத்து குறையும் என்று வாதிடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சார்னி குழுவின் கீழெல்லை 1.5, இன்று அது 2.5. மேலெல்லை இறங்கியது அரை டிகிரி. கீழெல்லை ஏறியது ஒரு முழு டிகிரி. மாதிரிகள் மிகையாகச் சூடேறுகின்றன என்று காட்டிய அதே புறச்சான்றுகள்தான், குறைவாகச் சூடேறும் புவி என்ற நம்பிக்கையையும் தள்ளுபடி செய்தன.