கார்ரி

கார்ரி என்பது மஞ்சள், மல்லி, சீரகம், வெந்தயம் முதலியன கலந்த கறிப்பொடியைக் குறிக்கும் ஐஸ்லாந்திய மொழிச் சொல்லாகும். கடன்சொல் வகையைச் சார்ந்த இதன் மூலம் தமிழின் ‘கறி’. அது ஐரோப்பிய வணிகர் வழியே ஆங்கிலத்தில் புகுந்து, டேனிய மொழி வாயிலாக ஐஸ்லாந்தை அடைந்தது. சங்க இலக்கியத்தில் மிளகைக் குறித்த ‘கறி’ என்னும் சொல், பின்னர் காய்கறி, இறைச்சி, அவற்றாலான உணவு எனப் பொருள் விரிந்தது. 1747இல் ஹன்னா கிளாஸ் வெளியிட்ட ஆங்கிலச் சமையல் நூலில் கறி செய்முறை இடம்பெற்றது. ஆயத்தப் பொடி விற்பனைக்கு வந்தபின் உணவின் பெயர் பொடிக்கும் வழங்கலாயிற்று. தமிழ்நாட்டின் விருதுநகர் வட்டாரத்தில் ‘கறி’ பெரும்பாலும் ஆட்டிறைச்சியையே சுட்டும்; மிளகாய் வற்றலும் மல்லியும் வறுத்துத் திரித்த கலவை மசால்பொடி எனப்படும். இப்பெயரிலுள்ள ‘மசாலா’ அரபு மூலமுடைய சொல்.