காலி செய்யாத கரை

சுனாமி வந்து மூன்று மாதம் கழித்து, 2005 மார்ச் 30 அன்று, தமிழக வருவாய்த் துறை அரசாணை எண் 172-ஐ வெளியிட்டது. கரையோர மக்களுக்கு வீடு கட்டித் தருவது பற்றிய ஆணை அது. உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு சேதமானவர்களுக்கு இரண்டு வழி வைத்தது. அந்த எல்லைக்கு அப்பால் போகச் சம்மதித்தால் ஒன்றரை லட்ச ரூபாய் மதிப்புள்ள புது வீடு இலவசம்; ஆனால் பழைய மனையையும் வீட்டையும் சட்டப்படி செல்லும் ஆவணத்தின் மூலம் அரசுக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். போக விருப்பமில்லை என்றால் இருந்த இடத்திலேயே சொந்தச் செலவில் பழுதுபார்த்துக்கொள்ளலாம். அரசின் உதவி எதுவும் கிடைக்காது. யாரையும் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத ஆணைதான். ஆனாலும் ஆபத்திலிருந்து ஒருவரை விலக்குவதும், அவருடைய இடத்தை நிரந்தரமாக வாங்கிக்கொள்வதும் அதில் ஒரே கையெழுத்தில் முடிந்துவிடுகின்றன. தீயோ அலையோ வரும்போது வடசென்னையின் காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் குப்பங்களில் இருப்பவர்கள் ஏன் கிளம்ப மறுக்கிறார்கள் என்பதற்குப் பிடிவாதம், அறியாமை, கடல்மேல் உள்ள பாசம் என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. எனக்கு இவற்றில் நம்பிக்கை இல்லை. பட்டா இல்லாத மண்ணில் ஆள் இருப்பதுதான் பத்திரம். ஆள் நகர்ந்தால் பத்திரமும் போய்விடும். இதை அந்தக் கரை நூற்றைம்பது வருடமாகத் திரும்பத் திரும்பக் கற்றிருக்கிறது.

முதலில் அந்த 200 மீட்டரைப் பார்க்க வேண்டும். கோடு எங்கிருந்து அளக்கப்படுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் சென்னைக்கு வந்தபோது கல் நாட்டிய துறைமுகம், கடலுக்குள் நீட்டிய இரண்டு அலைத்தடுப்புச் சுவர்களாகத் தொடங்கியது. 1881 நவம்பர் புயலில் சுவர்கள் சிதைந்தன. பிறகு மீண்டும் எழுந்தன. இந்தக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். சுவர் குறுக்கே நின்றதும் தெற்கே மணல் தேங்கியது. வடக்கே போக வேண்டிய மணல் போகவில்லை. தேங்கிய பக்கம் மெரினா அகலமானது. பட்டினி கிடந்த பக்கம் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர். 1876 முதல் 1975 வரை துறைமுகத்துக்கு வடக்கே சுமார் 500 மீட்டர் கரை போனது, 1978-க்கும் 1995-க்கும் இடையில் இன்னும் 200 மீட்டர் போனது என்பது கடலோரப் பொறியியல் வட்டாரத்தில் பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ஆகவே இன்று 200 மீட்டருக்குள் இருக்கும் குப்பத்தார் பலர், கடலுக்குப் பக்கத்தில் போய்க் குடியேறியவர்கள் அல்லர். துறைமுகம்தான் கடலை அவர்கள் வாசலுக்குக் கொண்டுவந்தது. நகரத்தார் மாலையில் காற்று வாங்கும் மணலில் ஒரு பங்கு, கணக்குப்படி பார்த்தால், இவர்களுக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டியது. கரையில் கருங்கல் கொட்டினார்கள். இருபதாண்டுகளுக்கு முன், கடலுக்குள் நீளும் கல்தடுப்புகளான தூண்டில் வளைவுகளும் போட்டார்கள். கல் கொட்டிய இடம் தப்பும், அதற்கு அடுத்த வடக்குக் குப்பத்தில் அரிப்பு கூடும். மனையை ஒருமுறை கடலுக்குக் கொடுத்தவர் ஐம்பதடி பின்னால் வந்து மறுபடி கட்டிக்கொண்டதுதான் இந்தக் கரையின் வழக்கமான ‘இடப்பெயர்ச்சி’. பின்னால் நகர இனி இடமில்லாதபடி சாலையும் கிடங்கும் வந்த பிறகுதான் அது அரசாங்கப் பிரச்சினையானது.

கடலுக்கு அடுத்தது தீ. காட்டுத்தீ இல்லை, கீற்றுத்தீ. சென்னையின் குடிசைப் பகுதிகளில் கோடை என்றாலே தீ விபத்து என்றிருந்த காலம் நினைவில் இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பங்குனி, சித்திரையில் காய்ந்து கிடக்கும் தென்னங்கீற்று. ஒட்டி ஒட்டிக் கட்டிய கூரைகள். உள்ளே விறகடுப்பும் மண்ணெண்ணெய் அடுப்பும். பிற்பகலில் கிளம்பும் கடல்காற்று. ஒரு கூரை பிடித்தால் பொறி பறந்து பத்தாவது கூரையில் விழும். சந்துக்குள் தீயணைப்பு வண்டி நுழையாது. அதனால் தீயை நிறுத்தும் வேலை அங்கிருப்பவர்களுடையது; அதற்கு ஒரு முறையும் உண்டு. எரிகிற வீட்டில் தண்ணீரை வீணாக்க மாட்டார்கள். காற்று போகும் திசையில் இரண்டு மூன்று வீடு தள்ளி, இன்னும் பிடிக்காத கூரையைக் கயிறு போட்டு இழுத்துக் கீழே தள்ளுவார்கள். அடுத்த கூரையில் ஆள் ஏறி, நனைத்த கோணிச்சாக்கைப் பரப்பி, விழும் பொறியை அடிப்பார்கள். மணல் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் தண்ணீர் தீர்ந்தால் மணல். தன் கூரையைத் தானே பிரித்துப்போட ஒருவர் சம்மதித்தால்தான் பின்வரிசை பிழைக்கும். அந்தச் சம்மதம் உடனே கிடைப்பதற்கு ஒரு காரணம் உண்டு: நாளை அதே இடத்தில் மறுபடி கட்டிக்கொள்ளலாம், ஊர் அதற்குத் துணை நிற்கும் என்று அவருக்குத் தெரியும். அணைத்த கையோடு, சாம்பல் ஆறுமுன் அதே நான்கு மூலையில் கம்பு நடுவதும் தீயணைப்பின் பகுதிதான். இரண்டு நாள் வெறுமையாகக் கிடந்த மனைக்கு உரிமை கொண்டாட யாராவது வந்துவிடுவார்கள். சென்னையில் குடிசைத் தீ ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ‘தானாகப் பிடித்ததா, வைத்ததா’ என்ற பேச்சு கிளம்புவது வெறும் வதந்தி மனநிலை இல்லை; தீக்குப் பிறகு நிலம் கைமாறுவதைப் பார்த்துப் பழகிய மனநிலை.

1967-இல் பதவிக்கு வந்த அண்ணாதுரை அரசு இந்தத் தீயைக் கையில் எடுத்தது. தீப்பிடிக்காத கூரையுள்ள வீடுகள் என்ற திட்டம் அப்போது பிறந்தது. 1970-இல் கருணாநிதி ஆட்சியில் குடிசை மாற்று வாரியம், மறு வருடம் அதற்கான சட்டம். அந்தச் சட்டத்தின்படி ஒரு பகுதி குடிசைப் பகுதி என்று அறிவிக்கப்பட்டுவிட்டால், அங்கே இருப்பவரைத் தனி அனுமதி பெறாமல் வெளியேற்ற வழக்குப் போட முடியாது. 1971-இல் சென்னையில் 1,202 பகுதிகள் அப்படி அறிவிக்கப்பட்டன. 1985-இல் இன்னும் 17 சேர்ந்தன. பிறகு நெடுங்காலம் அந்தப் பட்டியலில் புதிதாக எதுவும் ஏறவில்லை. வாரியத்தின் ஆரம்ப காலக் கொள்கை, இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டித் தருவது. அதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்: தீயை ஒழிக்க ஆளை ஒழிக்க வேண்டியதில்லை, கூரையை மாற்றினால் போதும் என்று ஓர் அரசாங்கம் ஒப்புக்கொண்ட காலம் அது. 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி என்று நகரத்துக்கு வெளியே பெரிய குடியிருப்புகள் வந்தபோது அந்த ஒப்புதல் சத்தமில்லாமல் கைவிடப்பட்டது.

கிளம்பிப் போவது எல்லோருக்கும் ஒரே மாதிரியான செயல் இல்லை என்பதற்கு இதே துறைமுகம் இரண்டு சாட்சிகளை வைத்திருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னையின் மேல் குண்டு வீசியது. துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அடுத்த நாட்களில் கையில் காசும் ஊரில் உறவும் இருந்தவர்கள் கூட்டம் கூட்டமாக நகரத்தை விட்டுப் போனார்கள். 1942 ஏப்ரலில் கொழும்பு, திரிகோணமலை, விசாகப்பட்டினம் என்று ஜப்பானியக் குண்டுகள் நெருங்கியபோது அரசாங்கமே ஓடியது. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின, உயர் நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போனது, லட்சக்கணக்கானோர் காலி செய்தார்கள். இரண்டு முறையும் போனவர்கள் திரும்பி வந்து பூட்டைத் திறந்தார்கள். பத்திரம் பெட்டியில் இருந்தது, வீடு அவர்கள் பெயரில் இருந்தது. மயிலாப்பூர்க்காரர் ஆறு மாதம் கும்பகோணத்தில் இருந்துவிட்டு வந்தால் அவர் தெரு அவரைக் கேள்வி கேட்பதில்லை. இவர்களைக் கோழைகள் என்று யாரும் எழுதவில்லை, எழுதவும் கூடாது. அதே தர்க்கப்படி, திரும்பி வந்தால் இடம் இருக்காது என்று தெரிந்து தங்கியவர்களை முட்டாள்கள் என்றும் எழுதக் கூடாது.

திரும்பி வந்தால் இடம் இருக்காது என்பது கற்பனைப் பயமா? 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு ராயபுரம், காசிமேடு பகுதிக் குப்பங்களிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் திருவொற்றியூர் கார்கில் நகரில் தற்காலிகக் கொட்டகைகளில் தங்கவைக்கப்பட்டன. தார் அட்டையில் கட்டிய கொட்டகைகள்; பகலில் உள்ளே உட்கார முடியாத அனல். கடலிலிருந்து காப்பாற்றிக் கொண்டுவந்தவர்களை எளிதில் பற்றும் அட்டைக்குள் வைத்திருந்தார்கள். 2005-இல் அங்கே தீப்பிடித்து நூற்றுக்கணக்கான கொட்டகைகள் எரிந்தன. அதற்குப் பிறகு பல குடும்பங்கள் காசிமேட்டுக்குத் திரும்பவில்லை. பலரைக் கொண்டுபோய் நகரத்தின் தென்கோடியில், செம்மஞ்சேரியிலும் துரைப்பாக்கம் பக்கத்திலும் இறக்கினார்கள். செம்மஞ்சேரிக்கும் காசிமேட்டுக்கும் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். காசிமேட்டில் ஏலம் விடியலுக்கு முன்னால் தொடங்கிவிடும்; கூடை மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கும் பெண் அந்த நேரத்தில் அங்கே நிற்காவிட்டால் அன்றைக்கு வியாபாரம் இல்லை. பஸ் ஓடத் தொடங்கும்போது ஏலம் முடிந்திருக்கும். ‘தற்காலிகமாக’ என்று சொல்லிக் கூட்டிப்போனது இரண்டே கட்டத்தில் நிரந்தரமானதை, போகாமல் நின்ற அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த முறை அதிகாரி ஒலிபெருக்கியோடு வரும்போது அவர்கள் காதில் விழுவது புயல் எச்சரிக்கை மட்டுமாக இருக்காது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதை ஒதுக்க முடியாது: தங்குவது ஆளைக் கொல்லும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ‘தயாராக இருந்து வீட்டைக் காத்துக்கொள், இல்லையேல் முன்கூட்டியே கிளம்பிவிடு’ என்பது அரசே சொல்லிவந்த கொள்கை. அதற்கு அறிவியல் அடிப்படையும் இருந்தது. காட்டுத்தீயில் வீடுகள் பெரும்பாலும் தீப்பிழம்பால் எரிவதில்லை, பறந்து வந்து ஒட்டும் கங்குகளால் எரிகின்றன. வாளியோடு ஓர் ஆள் இருந்தால் அணைத்துவிடலாம். நம் ஊர் நனைத்த கோணிச்சாக்கின் கணக்கும் அதுவே. ஆனால் 2009 பிப்ரவரி 7 அன்று தீ அந்தக் கணக்கை மீறியது. இறந்த 173 பேரில் 113 பேர் வீடுகளுக்குள் இறந்தவர்கள். விசாரணை ஆணையம் அமர்ந்தது, முன்கூட்டியே கிளம்புவதே உயிருக்குப் பாதுகாப்பு என்ற பக்கம் கொள்கை சாய்ந்தது. பத்திரம் வைத்திருந்த அவர்களும்தானே தங்கினார்கள், ஆகவே உன் வாதம் எங்கே என்று கேட்கலாம். அவர்கள் காத்தது கட்டடத்தை. வீடு எரிந்தாலும் நிலம் அவர்களுடையதாகவே இருந்திருக்கும்; அதனால்தான் ‘வீட்டை விடு, உயிரைப் பார்’ என்று அவர்களிடம் சொல்ல முடிந்தது. காசிமேட்டில் கூரை போனால் சில நாளில் வேய்ந்துவிடலாம், அதற்காக யாரும் உயிரைக் கொடுக்கப்போவதில்லை. இங்கே பணயம் கூரை நிற்கும் தரை. விக்டோரியாவின் பாடம் இங்கே செல்லுபடியாக வேண்டுமென்றால், அங்கே இருந்த நிலவுரிமை முதலில் இங்கே வர வேண்டும்.

திரும்ப இடம் இருக்கும் என்ற உறுதி வந்தால் ஜனங்கள் கிளம்புவார்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி? 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே நிலம் நடுங்கி, சுனாமி எச்சரிக்கை வந்தது. சுனாமியைக் கண்ணால் பார்த்த தமிழகக் கரையோரம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு நகர்ந்தது; எச்சரிக்கை விலக்கப்பட்டதும் வீடு திரும்பியது. சில மணி நேரத்தில் யாரும் இடத்தைப் பறிக்க முடியாது என்பதால் அன்று யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. ஒடிசாவில் 1999 பெரும்புயல் ஏறக்குறைய பத்தாயிரம் பேரைக் கொன்றது. 2013 அக்டோபரில் பைலின் புயலுக்கு முன் சுமார் பத்து லட்சம் பேரை நகர்த்தினார்கள். இறப்பு சில பத்துகளில் நின்றது. முன்னறிவிப்பும் புயல் காப்பகங்களும் அதில் பெரும்பங்கு வகித்தன, மறுக்கவில்லை. ஆனால் காப்பகம் என்பதே சொந்த ஊருக்கு நடந்து திரும்பும் தூரத்தில் கட்டப்படுவது. ஓர் இரவுக்குக் கிளம்பு என்பதும் இனி வராதே என்பதும் வேறு வேறு கட்டளைகள் என்று மக்களுக்குத் தெரிந்திருந்தால் முதல் கட்டளை நடக்கும். அரசாணை 172 இரண்டையும் ஒன்றாகத் தைத்தது. அந்தத் தையலைப் பிரிக்காமல், ‘சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறார்கள்’ என்று அதிகாரிகள் அங்கலாய்ப்பதில் நியாயம் இல்லை.

இன்னொரு மறுப்பு: கடல் எப்படியும் தின்னப்போகிற நிலத்தைப் பிடித்துக்கொண்டு என்ன பயன்? தின்னும் என்பது பாதி உண்மை. மீன்பிடித் துறைமுகச் சுவரும் தூண்டில் வளைவுகளும் சேர்ந்து காசிமேட்டின் சில இடங்களில் மணலைத் திரும்பக் கொடுத்திருக்கின்றன. காவல் நிலையத்தின் எண்ணை வைத்து என்4 பீச் என்று அழைக்கப்படும் இடத்தில் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் கூடுகிறது. படகு ஏற்றவும் வலை காயப்போடவும் பழுது பார்க்கவும் குப்பத்தாருக்கு அந்த மணல் வேண்டும். அண்மை ஆண்டுகளில் காசிமேட்டுக் கடற்கரையை அழகுபடுத்தி மேம்படுத்தும் திட்டத்தை சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) அறிவித்திருக்கிறது. நடைபாதையும் விளக்கும் வந்தால் நல்லதுதான். அந்த மணலில் வலை காயும் பகுதி எது, படகு ஏறும் பகுதி எது என்று வரைபடத்தில் முதலில் கோடு போட்டு, ஊர்ப் பஞ்சாயத்தார் பெயரில் எழுதிவிட்டு மற்ற வேலையைத் தொடங்கலாம். 1985-இல் மெரினாவை அழகுபடுத்த கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்தப்போய் துப்பாக்கிச்சூட்டில் முடிந்ததை இந்த நகரத்தின் மீனவர்கள் மறக்கவில்லை. கடல் திருப்பிக் கொடுத்த மணலில் குப்பத்தார் இன்று பங்கு கேட்க முடிவதற்கே, அரிப்பு நடந்த காலமெல்லாம் அவர்கள் அங்கேயே இருந்ததுதான் காரணம்.