நள்ளிரவு அஞ்சலும் பிழைபட்ட இலக்கமும்

அனுப்பிய ஓலை உரியவர் கையை அடையாதபொழுது, பிழை எழுதியவரிடத்தோ, சுமந்தவரிடத்தோ, முகவரியிடத்தோ என்று ஆராய்தல் தொன்றுதொட்ட வழக்கம். சென்ற நூற்றாண்டின் இறுதியிலே இவ்வாராய்ச்சி கணினிகளிடையேயும் நிகழ்ந்தது.

அக்காலத்து அமெரிக்காவில் ஆர்வலர் பலர் தம் இல்லத்துக் கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைத்து, பிறர் தொலைபேசி வழியே வந்து செய்திகளைப் படிக்கவும் எழுதவும் இடமளித்தனர். இவை அறிவித்தற் பலகைகள் எனப்பட்டன. ஒரு பலகையில் எழுதிய செய்தி மற்றொரு பலகைக்குச் செல்லாது; ஒவ்வொன்றும் தனித் தீவாகவே இருந்தது. 1984ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ நகரத்து ரொம் ஜெனிங்ஸ் என்பவரும், பால்ற்றிமோர் நகரத்து ஜோன் மடில் என்பவரும் தம் பலகைகளை இணைத்தனர். பைடோநெற் என்னும் அஞ்சல் வலை இவ்வாறு பிறந்தது. தொலைபேசிக் கட்டணம் குறைந்த நள்ளிரவுக்குப் பின்னர், மனிதர் உறங்குகையில் கணினிகள் ஒன்றையொன்று அழைத்து அஞ்சலைக் கைமாற்றின. கட்டணத்தைப் பலகை நடத்துவோரே தம் பணத்திலிருந்து செலுத்தினர்.

1985ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பலகைகளின் தொகை 100ஐத் தாண்டியது. யாருக்கு எந்த இலக்கம் என்று கூறும் பட்டியலே இவ்வஞ்சலுக்கு உயிர்நாடி. அதில் ஓர் எண் பிழைத்தால் விளைவது யாது? கணினி தன் பிழையை அறியாது. அது பிழைபட்ட இலக்கத்தை மீண்டும் மீண்டும் அழைக்கும். அவ்விலக்கம் யாரோ ஒரு குடும்பத்தினுடையதாயின், நள்ளிரவில் மணி ஒலிக்கும். எழுந்து வந்து பேசுபவருக்கு விடையாகக் கிடைப்பது பொருளற்ற ஓசையே. அஞ்சலும் சேரவில்லை, அயலார் உறக்கமும் கெட்டது.

இக்குறைக்குக் கண்ட மருந்து எளியது, ஆயினும் நுட்பமானது. புதிதாகச் சேர விரும்புவோர் தம் விண்ணப்பத்தை அவ்வலையின் அஞ்சல் வழியாகவே அனுப்புதல் வேண்டும். விடையும் அவர் தந்த இலக்கத்துக்கு அவ்வழியே செல்லும். விண்ணப்பம் வந்தமை, அனுப்பும் திறனுக்குச் சான்று. விடை சேர்ந்தமை, இலக்கம் சரியென்பதற்குச் சான்று. பட்டியலைப் பேணும் பணியைச் சென் லூயிஸ் நகரத்துக் கென் கப்லன், பென் பேக்கர் ஆகியோர் ஏற்றனர்.

1985ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் வலைகள் வட்டாரங்களாக வகுக்கப்பட்டன. தொலைவிலிருந்து வரும் அஞ்சலை ஒரு பலகை பெற்று, அயலிலுள்ள பலகைகளுக்குப் பங்கிட்டது. செலவு குறைந்தது; ஆனால் தேடவேண்டிய இடங்கள் பெருகின. காணாமற்போன மடலை, அனுப்பிய பலகையிலிருந்து படிப்படியாகத் தொடர்ந்து, எந்தக் கையில் நின்றது என்று நாடுதல் வேண்டியதாயிற்று.

பின்னர் டலஸ் நகரத்து ஜெவ் ரஷ், ஒரு செய்தியைப் பல பலகைகளும் பகிரும் முறையை அமைத்தார். அப்பொழுது நேர்மாறான நோய் தோன்றியது. மடல் சேராமை அன்று; ஒரே மடல் பன்முறை வருதலே துன்பமாயிற்று. இணைப்புகள் வட்டமாக அமைந்தவிடத்துச் செய்தி சுற்றிச் சுற்றி வந்தது. ஆகவே, ஏற்கெனவே செய்தியைப் பெற்ற பலகைகளின் இலக்கங்கள் செய்தியின் அடியிலேயே எழுதப்பட்டன. அவற்றைக் கண்ட கணினி, கண்டவற்றுக்கு மீண்டும் அனுப்பாது விட்டது. சென்ற வழியையும் குறித்தமையால், பிழை நேர்ந்த இடத்தை அறிதலும் எளிதாயிற்று.

1990ஆம் ஆண்டுகளின் நடுவில் பலகைகள் 30,000ஐக் கடந்தன. இணையம் பரவியபின் அவற்றுட் பெரும்பாலானவை ஓய்ந்தன. எனினும், ஊதியம் பெறாத தன்னார்வலர் தாமே வகுத்த ஒழுங்கினால் கண்டங்களைக் கடந்து மடல்கள் சென்றன என்பது வரலாறு. பிறர் உறக்கத்தைக் கெடுக்காதிருத்தலும் அஞ்சற்காரன் கடமையே என்பதை, பொறிகளுக்கும் மனிதரே கற்பித்தனர்.