பார்வதிபுரத்தார் ஈந்த 80 காணி

வரப்பை ஒரு சாண் நகர்த்தினான் என்று உடன்பிறந்தாரே வழக்காடுதலை நாம் நாடோறும் காண்கின்றோம். அங்ஙனமிருக்க, தென்னார்க்காட்டுப் பார்வதிபுரத்தார் ஒருங்குகூடி, ஏறக்குறைய 80 காணி நிலத்தை, அஃதாவது 106 ஏக்கரை, விலையின்றி எழுதிக்கொடுத்தனர் என்பது வியத்தற்குரியதன்றோ?

பெற்றவர் இராமலிங்க அடிகள். கருங்குழியில் உறைந்த அவர், பசித்தார்க்கு உணவளிக்க ஒரு சாலை அமைக்க விழைந்தார். சென்னையினின்று கும்பகோணஞ் செல்லும் நெடுவழியும், கடலூரினின்று விருத்தாசலஞ் செல்லும் வழியும் கூடும் வடலூரில் அந்நிலம் அமைந்தது. வழிப்போக்கர்க்கு அதனினுந் தக்க இடம் யாது? 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் தருமச்சாலை தொடங்கிற்று. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாது எரிகின்றது. 1872-இல் எண்கோண வடிவினதாகிய சத்திய ஞான சபையும் அங்கு எழுந்தது.

ஈந்தவர் ஜமீன்தாரல்லர், ஊர்க்குடிகள். செல்வர் ஒருவர் கொடுத்தல் எளிது. குடிகள் பலர் மனம் ஒன்றுதல் அரிது. (நம் சங்கக் கட்டடத்திற்குக் கையொப்பம் வாங்க அலைந்தவர் இதனை நன்கறிவர்.)

சாலையும் சபையும் கொண்ட இடம் சிறிது, எஞ்சியதே பெருவெளி. தைப்பூசத்தன்று சோதி காண வருவோர் நிற்பது அவ்வெளியில்தான். கொடுத்தபின் கொடுத்தவர்க்கு அதில் பேச்சில்லை என்பார் உளர். யான் அங்ஙனங் கருதேன். கொடுத்த நோக்கத்தைக் காக்க அவர் வழியினர்க்கு உரிமையுண்டு. 2024-இல் வள்ளலார் சர்வதேச மையத்திற்கென அங்கே குழிதோண்டியபோது, முன்னோர் ஈந்த வெளி வெளியாகவே இருத்தல் வேண்டுமெனப் பார்வதிபுரத்தார் திரண்டு எதிர்த்தனர். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் ஏறிற்று.